தீயைக் குறைத்து வையுங்கள்

வணக்கம் நேயர்களே.

குளிர்காலத்தில் சாயங்காலம் வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழைகிறீர்கள். விரல் நுனியெல்லாம் மரத்துப் போயிருக்கிறது. நல்ல பசி. ஆனால் நின்று சமைக்க உடம்பு வணங்கவில்லை. யாராவது ஒரு சூடான கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிட்டால் போதும் என்று இருக்கும். அந்தக் கிண்ணத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். நான் சமையல் நிபுணர் இல்லை. வீட்டுக்குச் சமைத்துப் பழகிய கை, அவ்வளவுதான். நிலையத்தில் பத்துப் பதார்த்தமாவது சொல்லுங்கள் என்றார்கள். ஒன்றை ஒழுங்காகச் சொல்கிறேன் என்று அனுமதி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. சூடாகக் குடித்தால் உடம்பு சூடாகும் என்று எல்லோரும் சொல்கிறோம். எவ்வளவு சூடாகும்? 300 மில்லி சூப்பை 60 டிகிரி சூட்டில் குடிக்கிறீர்கள் என்று வையுங்கள். அது உள்ளே போய் உடம்பின் 37 டிகிரிக்கு இறங்கும்போது கொடுத்துவிட்டுப் போவது ஏறக்குறைய 7 கிலோகலோரி. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஒரு மணி நேரத்துக்கு 70 கிலோகலோரி போல உடம்பு தானாகவே எரித்துக்கொண்டிருக்கிறது. ஆக, ஒரு கிண்ணம் சூப்பின் சூடு உடம்பின் ஆறு நிமிஷச் செலவுக்குத்தான் காணும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

ஆனால் குடித்தவுடன் இதமாக இருக்கிறதே, அது பொய்யில்லை. கிண்ணத்தைப் பிடித்த உள்ளங்கை, முகத்தில் அடிக்கும் ஆவி, தொண்டையில் இறங்கும் சூடு, இந்த மூன்று இடத்திலிருந்தும் நரம்புகள் சேதி அனுப்பிவிடுகின்றன. மணமும் சூட்டோடுதான் வருகிறது. சூடான உணவிலிருந்து மணப்பொருள்கள் சீக்கிரம் ஆவியாகி மூக்குக்கு ஏறும். அதே சூப் ஆறிப்போனால் வாசனையும் படுத்துவிடும், உப்பு ஒன்றுதான் நாக்கில் நிற்கும்.

காரம் சேர்த்தால் இன்னும் கதகதப்பாக இருக்குமே என்று கேட்பீர்கள். இருக்கும், அளவோடு. மிளகாயில் உள்ள கேப்சைசின், சூட்டை உணர்வதற்கென்று நரம்பில் இருக்கும் ஓர் உணர்வாங்கியை முடுக்கிவிடுகிறது. சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் விழித்துக்கொள்ளும் உணர்வாங்கி அது. மிளகாய் பட்டாலும் சுட்டுவிட்டது என்றே மூளைக்குச் சொல்லிவிடும். 1997-ல் இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், 2021-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஏமாந்த உடம்பு உடனே தன்னை ஆற்றிக்கொள்ளப் பார்க்கும். அதனால்தான் காரம் தின்றால் வியர்க்கிறது. குளிரில் வியர்த்துவிட்டு அப்புறம் நடுங்குவது எதற்கு? மிளகு ஒரு சிட்டிகை, இஞ்சி ஒரு துண்டு. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, அடுப்படிக்கு வருவோம். நான் சொல்லப்போவது மசூர் பருப்பு சூப். ஆரஞ்சு நிறத்தில், தோல் நீக்கி, பாதியாக உடைத்திருக்குமே, அந்தப் பருப்பு. ஊறவைக்க வேண்டாம். நாலு பேருக்கு ஒரு கப் பருப்பு, அதாவது சுமார் 200 கிராம். பெரிய வெங்காயம் இரண்டு, பூண்டு நாலு பல், ஒரு கேரட், நடுத்தரமான ஓர் உருளைக்கிழங்கு. எண்ணெயோ வெண்ணெயோ இரண்டு மேசைக்கரண்டி, தண்ணீர் ஒன்றேகால் லிட்டர், சீரகம் ஒரு தேக்கரண்டி, உப்பு, கடைசியில் அரை எலுமிச்சம்பழம். பாத்திரம் ஒன்றே ஒன்று. அடி கனமாக இருக்கட்டும். கழுவப் போகிறவர் உங்களை வாழ்த்துவார்.

இதில் கவனம் கேட்பது வெங்காயம் மட்டும்தான். ஆகவே வெங்காயத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பொடியாக நறுக்கி, எண்ணெயில் போட்டு, ஒரு சிட்டிகை உப்புத் தூவி, தீயை நடுத்தரத்துக்கும் கீழே வையுங்கள். சமையல் குறிப்புகளில் பொன்னிறமாகும் வரை ஐந்து நிமிடம் வதக்கவும் என்று போட்டிருப்பார்கள். ஐந்து நிமிடத்தில் எந்த வெங்காயமும் பொன்னிறமாகி நான் பார்த்ததில்லை; ஓரம் கருகும், நடு பச்சையாகவே இருக்கும். பதினைந்து நிமிஷம் ஆகும், இருபதுகூட ஆகலாம். உப்பு வெங்காயத்திலிருக்கும் நீரை வெளியே இழுக்கும். அந்த நீர் சுண்டும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. சுண்டிய பிறகுதான் நிறம் மாற ஆரம்பிக்கும். சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்து பழுப்பாகி வாசனை கிளப்பும் அந்த மாற்றத்தை 1912-ல் விவரித்தவர் லூயி கமீய் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். அவர் பெயராலேயே அதை இன்றும் சொல்கிறார்கள். அது சுறுசுறுப்பாக நடக்க 140 டிகிரி போலச் சூடு வேண்டும். பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை அவ்வளவு சூடு ஏறவே ஏறாது. ஆகவே பழுப்பாக வேண்டியது தண்ணீர் ஊற்றும் முன்பே ஆகிவிட வேண்டும். ஊற்றிய பிறகு எத்தனை மணி நேரம் கொதிக்கவிட்டாலும் அந்த ருசி வராது.

வெங்காயம் தேன் நிறத்துக்கு வந்ததும் பூண்டையும் சீரகத்தையும் போடுங்கள், ஒரு நிமிஷம் போதும். பூண்டு சீக்கிரம் கருகும், கருகினால் கசக்கும். அப்புறம் கேரட், உருளைக்கிழங்கு, கழுவிய பருப்பு, தண்ணீர். பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பை மரக்கரண்டியால் சுரண்டித் தண்ணீரோடு கலந்துவிடுங்கள், ருசி அங்கேதான் இருக்கிறது. ஒரு கொதி வரட்டும். நுரை பொங்கும், கரண்டியால் எடுத்துவிடுங்கள்.

இப்போது தீயைக் குறைத்து வையுங்கள். இன்றைக்கு நான் சொல்ல வந்ததே இந்த ஒரு வாக்கியம்தான்.

தளதளவென்று கொதித்தால் சீக்கிரம் வேகும் என்று நமக்கு ஒரு நினைப்பு. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தொட்டபின், நீங்கள் எவ்வளவு தீ வைத்தாலும் அதன் சூடு கூடாது. கூடுதல் தீயெல்லாம் ஆவியாகிக் கூரையைத்தான் தொடும். இருநூறு வருஷத்துக்கு முன்பே இதை அடித்துச் சொன்னவர் ஒருவர் உண்டு. பெஞ்சமின் தாம்சன், பிற்பாடு ரம்ஃபோர்டு பிரபு. அமெரிக்காவில் பிறந்து, பவேரியாவில் உத்தியோகம் பார்த்தவர். வெப்பத்தை ஆராய்ந்த விஞ்ஞானி. 1790-களில் மியூனிக் நகரத்து ஏழைகளுக்குச் சாப்பாடு போடும் பொறுப்பு அவரிடம் இருந்தது. பார்லி, பட்டாணி, உருளைக்கிழங்கு, தண்ணீர், கொஞ்சம் புளிப்பு. இவற்றை மெல்லிய தீயில் நெடுநேரம் வைத்துக் கெட்டியான சூப்பாக்கினார். விறகு மிச்சம், வயிறு நிறைவு. பெரிய தீயில் கொதிக்கவிடுவது எரிபொருளுக்குப் பிடித்த கேடு என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். அந்த சூப் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு ஓர் ஆசை. வெங்காயம் வதக்கியிருக்க மாட்டார் என்றே தோன்றுகிறது.

சின்னத் தீயில், இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குமிழ் வருகிற மாதிரி இருபது இருபத்தைந்து நிமிஷம். மூடியைச் சாய்த்து வையுங்கள். பருப்பு தானே குழைந்துவிடும், உருளைக்கிழங்கின் மாவுச்சத்து நீரை இழுத்துக்கொண்டு சூப்பைக் கெட்டியாக்கும். நாலைந்து தடவை அடியோடு கிளறினால் போதும். நடுவில் நீங்கள் போய் வெந்நீரில் கால் கழுவிவிட்டு, காலுறை மாட்டிக்கொண்டு வரலாம்.

ஒருமுறை நான் தீயைக் குறைக்க மறந்துவிட்டுத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். வாசனை வந்த பிறகுதான் ஓடினேன். அடி பிடித்துவிட்டது. பதற்றத்தில் கரண்டியை விட்டுக் கலக்கினேன் பாருங்கள், அதுதான் தப்பு. கருகல் முழுவதும் மேலே ஏறி, ஒரு பாத்திரம் சூப்பும் புகை நாற்றம். அடி பிடித்தால் அடியைத் தொடவே தொடாதீர்கள். மேலாக இருப்பதை மெதுவாக வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம்.

உப்பை எப்போது வேண்டுமானாலும் போடுங்கள். புளிப்பு மட்டும் கடைசியில்தான். தக்காளியோ எலுமிச்சையோ முதலிலேயே சேர்த்தால் பருப்பும் கிழங்கும் வேக மறுக்கும். காய்களின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் புளிப்பில் சுலபமாகக் கரையாது, அதுதான் காரணம். அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சம்பழம் பிழியுங்கள். மந்தமாக இருந்த சூப் அந்த அரைப் பழத்தில் சட்டென்று எழுந்து உட்காரும். ஏதோ குறைகிறதே என்று மேலும் மேலும் உப்புப் போடுகிறவர்கள் ஒருமுறை புளிப்பைச் சேர்த்துப் பாருங்கள்.

பிரஷர் குக்கரில் வைக்கக் கூடாதா என்று சிலர் நினைப்பீர்கள். வைக்கலாம், உள்ளே 120 டிகிரி வரை போகும், சீக்கிரம் முடியும். எப்படியும் இருபது நிமிஷத்தில் வேகிற பருப்புக்குக் குக்கர் எதற்கு என்பது என் கட்சி. தவிர, சூப் வேகிற வாசனை வீடு முழுக்கப் பரவுவதில் பாதிச் சுகம் இருக்கிறது. குக்கர் அதை உள்ளேயே பூட்டி வைத்துவிடுகிறது.

மசூருக்குப் பதிலாகச் சிவப்புக் காராமணி போலத் தெரியும் பெரிய ராஜ்மாவைப் போடுகிறவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. அங்கே என் சின்னத் தீ உபதேசம் செல்லாது. பச்சை ராஜ்மாவில் வயிற்றைப் புரட்டும் ஒரு நச்சுப் புரதம் உண்டு. குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் முதல் பத்து நிமிஷமாவது, அரை மணி என்றால் இன்னும் நல்லது, நன்றாகக் கொதிக்க வேண்டும். அதற்குப் பிறகு தீயைக் குறையுங்கள். மின்சார ஸ்லோ குக்கரில் பச்சையாகவே போட்டு மிதமான சூட்டில் விட்டுவிடுவது ஆபத்து.

இறைச்சி சேர்ப்பவர்களுக்கு இந்தச் சின்னத் தீ இன்னும் நன்றாகப் பலிக்கும். எலும்பை ஒட்டிய கடினமான துண்டுகளில் இருக்கும் கொலாஜன், 70 டிகிரிக்கு மேல் மெல்ல மெல்ல ஜெலட்டினாக மாறும். உதட்டில் லேசாக ஒட்டுகிற அந்த வழவழப்பு அதுதான். இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். இறைச்சி வேண்டாதவர்கள் உலர்ந்த காளானை வெந்நீரில் ஊறவைத்து, தண்ணீரோடு சேர்த்துப் பாருங்கள். 1908-ல் ஜப்பானின் கிகுனே இகெதா கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்து உமாமி என்று பெயர் வைத்த ருசி, காளானிலும் பழுத்த தக்காளியிலும் தாராளமாகவே உண்டு.

சளி பிடித்தால் கோழி சூப் என்கிறார்களே, உண்மையா? 2000-ல் அமெரிக்காவில் ஸ்டீபன் ரென்னார்ட் குழுவினர் சோதித்துப் பார்த்தார்கள். அழற்சியில் பங்கெடுக்கும் ஒருவகை வெள்ளையணுக்களின் நகர்வைக் கோழி சூப் தடுத்தது. ஆனால் அது ஆய்வகத்தில் செய்த சோதனை, சளி பிடித்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததல்ல. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. குளிரில் தாகம் சரியாகத் தெரியாது. தண்ணீர் குடிக்க மறந்துபோகிறவர்களுக்கு ஒரு கிண்ணம் சூப் என்பது பெரும்பாலும் தண்ணீர்தான்.

சூப்புக்குக்கூடத் தெம்பில்லாத நாளுக்கு ஓட்ஸ் கஞ்சி. வெறும் பாத்திரத்தில் ஓட்ஸை மூன்று நிமிஷம் வறுத்துவிட்டு, ஒன்றுக்கு இரண்டு தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. அதே சின்னத் தீ, ஐந்தே நிமிஷம். அந்த வறுத்தலைத் தவிர்ப்பதால்தான் பலருக்கு ஓட்ஸ் காகிதம் மாதிரி இருக்கிறது.

சரி, சூப் தயார். கிண்ணத்தில் ஊற்றியாயிற்று. ஆக்கப் பொறுத்தவர்களுக்கு ஆறப் பொறுக்காது என்பார்களே, அந்த இடம் இது. 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களை வழக்கமாகக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் வகைப்படுத்தியது. அடுப்பிலிருந்து இறக்கியது அதற்கும் மேலேதான் இருக்கும். கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் ஆவியை முகத்தில் வாங்குங்கள். அந்த 7 கிலோகலோரியில் கொஞ்சம் உள்ளங்கை வழியாகவே போகட்டும்.

மிச்சமிருந்தால் அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். மூன்று நாலு நாள் இருக்கும். உறைய வைப்பதாக இருந்தால் உருளைக்கிழங்கைத் தவிர்த்துவிடுங்கள், உருகிய பிறகு பொருக்குப் பொருக்காகிவிடும். மறுநாள் எடுத்துப் பார்த்தால் கரண்டி நட்டுக்கொண்டு நிற்கும், அவ்வளவு கெட்டியாகியிருக்கும். பயப்படாதீர்கள். வெந்நீர் விட்டு இளக்கி, ஒரு கொதி வரும்வரை சூடாக்கி, அதன் பிறகு உப்புப் பாருங்கள். எலுமிச்சம்பழத்தில் மீதிப் பாதி இருக்கிறதே, அதை இப்போது பிழிந்துகொள்ளலாம்.

வணக்கம்.