நூல் நிறைய, துணி குறைவு

நேயர்களுக்கு வணக்கம். நான் மருத்துவர் அல்ல, பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். குடியாத்தத்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு வந்த ரத்தக் கோளாறு என்னவென்று புரிவதற்குள் எங்கள் வீடு பட்ட பாட்டைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பெரியம்மாவுக்கு 76 வயது. நான்கு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. ஹீமோகுளோபின் பார்த்தால் 7. பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. வயதாகிவிட்டது, சரியாகச் சாப்பிடுவதில்லை என்று நாங்களே முடிவு கட்டி, முருங்கைக்கீரையும் இரும்புச்சத்து மாத்திரையுமாக ஆறு மாதம் ஓட்டினோம். எண் அசையவில்லை. அப்புறம்தான் வேலூருக்குக் கூட்டிப்போனோம். பி12, ஃபோலிக் அமிலம், தைராய்டு, சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பெரியம்மாவின் சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தன. பி12 குறைந்தாலும் இப்படித்தான் தெரியும். ஆனால் அது ஊசியில் சரியாகிவிடும். அதனால் இந்தப் பரிசோதனைகளை அவசரப்பட்டு வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். எதிலும் குறையில்லை என்றானபிறகு இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்தார்கள்.

அறிக்கையில் 'மைலோடிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோம்', சுருக்கமாக எம்.டி.எஸ். என்றிருந்தது. அதைவிட என்னைக் குழப்பியது இன்னொரு வரி: மஜ்ஜையில் அணுக்கள் வழக்கத்தைவிட அதிகம். ரத்தத்தில் அணுக்கள் போதவில்லை என்றுதானே வந்தோம்?

பெரியம்மா கைலி நெய்தவர். டாக்டர் விளக்கியதை அவரிடம் தறியை வைத்துத்தான் சொன்னேன். "தறியில பாவு நிறைய இருக்கு பெரியம்மா. நெய்யுற துணி தறியிலேயே இத்துப்போகுது, வெளியே வர்றது கொஞ்சம்." மஜ்ஜை ஓயாமல் அணுக்களைச் செய்கிறது; அவை கோணலாக உருவாகி, ரத்தத்துக்கு வருமுன்பே பலவும் மடிந்துபோகின்றன. "அப்போ மேல மேல நூல் வாங்கிக் கொடுத்து என்ன பிரயோஜனம்?" என்று கேட்டார். ஆறு மாதம் மாத்திரை கொடுத்தவள் நான். பதில் சொல்ல முடியவில்லை.

இது புற்றுநோயா? ஒருவர் இல்லை என்றார், இன்னொருவர் ஆமாம் என்றார். முன்பு இதைப் புற்றுக்கு முந்தைய நிலை என்றே பலர் சொல்லிவந்தார்கள். உலக சுகாதார அமைப்பு 2022-இல் பெயரிலிருந்த 'சிண்ட்ரோம்' என்பதையே 'நியோபிளாசம்', அதாவது கட்டுமீறிய வளர்ச்சி, என்று மாற்றியது. ஆக, புற்று வகைதான். ஆனால் பல ஆண்டுகள் மெதுவாக நகர்வதும் இதே பெயரில்தான் இருக்கிறது, சில மாதங்களில் முற்றுவதும் இதே பெயரில்தான் இருக்கிறது. அதனால் டாக்டரிடம் பிளாஸ்ட் என்னும் முதிராத அணுக்கள் எத்தனை சதவீதம், குரோமோசோம் பரிசோதனையில் என்ன வந்தது, எத்தனை வகை அணுக்கள் குறைந்திருக்கின்றன என்று கேளுங்கள். பிளாஸ்ட் 20 சதவீதத்தைத் தொட்டால் பொதுவாகத் தீவிர ரத்தப் புற்று என்பார்கள். பெரியம்மாவுக்கு 2. வைத்தியமும் இந்த விவரங்களைப் பார்த்துத்தான்: சிலருக்குச் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் ஊசி, சிலருக்கு அசாசிடிடின் என்ற புற்றுநோய் மருந்து, சிலருக்கு அவ்வப்போது ரத்தம் ஏற்றுவது.

ஏற்றும் ஒவ்வொரு யூனிட் ரத்தத்தோடும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது. அதிகப்படியான இரும்பை வெளியேற்ற உடம்புக்கு வழியில்லை. இப்போது மாத்திரையை நிறுத்திவிட்டு, உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்த்துவருகிறோம். தேதிவாரியாக ஒரு நோட்டில் எழுதிவைக்கிறோம்.

வெள்ளையணுக்களும் குறைந்திருப்பவர்களுக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் கஷாயம் வைத்துக்கொண்டு வீட்டில் காத்திருக்காதீர்கள். நடு ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வணக்கம்.