அலமாரிக் கதவும் நாலு கோட் பெயிண்ட்டும்

வணக்கம். ராயபுரத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு பழைய மர அலமாரி இருக்கிறது, தாத்தா காலத்தது. பொங்கலுக்குப் பொங்கல் ஆளாளுக்கு ஒரு கோட் அடித்து அடித்து, கதவே சாத்த வராத அளவுக்குத் தடித்துப்போயிருந்தது. ஆள் எதுக்கு, நானே சுரண்டிடறேன் என்று இறங்கினேன். நான் ஆசாரி இல்லை, தப்புப் பண்ணித் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

முதல் தப்பு உப்புத்தாள். 80 நம்பர் வாங்கி அப்படியே தண்ணீர் தொடாமல் தேய்த்தேன். அரை மணி நேரத்தில் அரிசி டப்பா மூடியிலிருந்து ஸ்விட்ச் போர்டு வரைக்கும் பச்சைப் பொடி. தவழ்ந்து வந்த அக்கா பெண் அதில் கையை ஊன்றி, அந்தக் கையை வாய்க்குக் கொண்டுபோனாள். ஓடிப்போய்ப் பிடித்தேன்.

ஏன் பதறினேன் என்றால், பழைய எனாமல் பெயிண்டில் ஈயம் கலந்திருக்கலாம். நிறத்துக்கும் சீக்கிரம் காய்வதற்கும் சேர்த்தார்கள். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம், அதாவது கிலோவுக்கு 90 மில்லிகிராம் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது. அதனால் அந்த விதிக்கு முந்தைய பெயிண்ட் என்றால் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். நெருப்பு காட்டி உரிக்கலாம் என்று பக்கத்து வீட்டில் யோசனை சொன்னார்கள், அது இன்னும் மோசம், ஈயம் புகையாகவே மூக்கில் ஏறும்.

அப்புறம் கதவுகளைக் கழற்றி மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன். கழற்றுவதே ஒரு கதை, கடல் காற்றில் கீலெல்லாம் துரு. ஸ்க்ரூ தலையில் அடைத்திருந்த பெயிண்டை ஆணியால் குடைந்து, மண்ணெண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊற வைத்தபிறகுதான் அசைந்தது.

கடையில் தின்னர் போதும் என்று கொடுத்தார்கள். கைதான் எரிந்தது. பெயிண்ட் ரிமூவர்தான் வேண்டும். அதைக் கெட்டியாகப் பூசி, பிரஷ்ஷை முன்னும் பின்னும் இழுக்காமல், மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் பெயிண்ட் பாலாடை மாதிரி சுருங்கி எழும்பும். பட்டி தகட்டைச் சாய்த்துத் தள்ளினால் நீலம், கிரீம், பச்சை என்று சுருள் சுருளாக வரும், அந்த ஐந்து நிமிஷம் மட்டும் இந்த வேலை சுகம். மூலை முடுக்குக்குத் தேங்காய் நாரும் பழைய டூத் பிரஷ்ஷும்.

ரிமூவர் டப்பாவில் டைகுளோரோமீத்தேன் என்ற ரசாயனத்தின் பெயர் போட்டிருந்தால் கவனம். மூடிய அறையில் அதன் ஆவி ஆளையே சாய்த்துவிடும், உடம்புக்குள் போய் கார்பன் மோனாக்சைடாக மாறும். அடுப்பு பக்கமே கொண்டுபோகாதீர்கள். மெல்லிய மருத்துவக் கையுறையும் அதைத் தாங்காது.

மிச்சத்தை வாட்டர் பேப்பரால், அதாவது ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாளால், நனைத்து நனைத்துத் தேய்த்தேன், பொடி பறக்காது. சுரண்டியதை எரிக்காமல் பையில் கட்டினேன், தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தேன்.

நான்கு ஞாயிற்றுக்கிழமை போச்சு. கடைசியில் பார்த்தால் வலது கதவு நல்ல தேக்கு, இடது கதவு ஏதோ நாட்டு மரம், நடுவில் பழைய பூட்டு இருந்த ஓட்டையில் சிமெண்ட் வேறு. பாலிஷ் கனவெல்லாம் அவ்வளவுதான். அம்மா பார்த்துவிட்டு, "ரெண்டுக்கும் பெயிண்டே அடிச்சுடு" என்றார். டப்பாவில் ஈயம் 90 பிபிஎம்முக்குள் என்று போட்டிருக்கிறதா பார்த்துத்தான் இந்தத் தடவை வாங்கப் போகிறேன்.