யாரோடு சிரிக்கிறோம்?

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

நாலைந்து பேர் கூடி நின்று பேசும் இடத்தைச் சற்றுத் தள்ளி நின்று கவனியுங்கள். அவர்கள் பேசுவது காதில் விழ வேண்டும் என்பதில்லை. சிறிது நேரத்துக்குள் சிரிப்புச் சத்தம் எழும். அருகில் போய் எதற்காகச் சிரித்தீர்கள் என்று கேட்டால், சொல்லும்படி ஒன்றும் இருக்காது. "சரி, நான் கிளம்புகிறேன்" என்று ஒருவர் சொல்லியிருப்பார். "நீயும் வந்துவிட்டாயா?" என்று இன்னொருவர் கேட்டிருப்பார். அவ்வளவுக்குத்தான் அத்தனை சிரிப்பு.

அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் புரொவைன் இதையே ஓர் ஆய்வாகச் செய்தார். அவரும் அவருடைய மாணவர்களும் பொது இடங்களில் மக்கள் இயல்பாகப் பேசிக்கொண்டிருந்ததைக் கவனித்து, 1,200 சிரிப்புகளைக் குறித்து வைத்தார்கள். ஒவ்வொரு சிரிப்புக்கும் முன்னால் என்ன பேசப்பட்டது என்பதையும் எழுதிக்கொண்டார்கள். நகைச்சுவை என்று சொல்லத்தக்க பேச்சைத் தொடர்ந்து வந்த சிரிப்பு, மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்றவை எல்லாம் சாதாரணப் பேச்சுக்கு எழுந்தவை. அதைவிட வியப்பானது ஒன்று உண்டு. கேட்டுக்கொண்டிருப்பவரைவிடப் பேசுபவரே கூடுதலாகச் சிரிக்கிறார். புரொவைனின் கணக்கில் அது ஏறத்தாழ 46 சதவீதம் கூடுதல்.

இதைப் படித்தபோது எனக்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வந்தது. மெய்ப்பாடு என்பது உடலில் வெளிப்படும் உணர்ச்சி. எட்டு மெய்ப்பாடுகளில் நகையை, அதாவது சிரிப்பை, முதலில் வைக்கும் தொல்காப்பியர், அது பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கைச் சொல்கிறார். ஒருவரை எள்ளுவது, குழந்தைத்தனம், அறியாமை, சொன்னதை அப்படியே நம்பிவிடும் வெள்ளை மனம். நான்கும் மனிதர்களிடம் காணப்படுபவை. துணுக்கும் சிலேடையும் அந்தப் பட்டியலில் இல்லை. சிரிப்பு பிறக்கும் இடத்தை அவர் மனிதரிடம் தேடினார் என்பதை எண்ணும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம்மில் பலர் சிரிப்பைத் தவறான தராசில் நிறுக்கிறோம். மனம் விட்டுச் சிரிப்பது உண்மையாம்; மரியாதைக்குச் சிரிப்பது போலியாம். பக்கத்து வீட்டுக்காரர் படிக்கட்டில் எதிர்ப்படும்போது இரண்டு வார்த்தை சொல்லி லேசாகச் சிரிக்கிறார். அதில் நகைச்சுவை ஏதும் இல்லை. அதனால் அது பொய்யாகிவிடுமா? "உங்களைப் பார்த்தேன், நமக்குள் பகை இல்லை, நீங்கள் இங்கே இருப்பது எனக்குச் சம்மதம்" என்ற மூன்று செய்திகள் அந்தச் சிறு ஒலிக்குள் இருக்கின்றன. அந்தச் சிரிப்பு இல்லாத படிக்கட்டில் ஒரு மாதம் ஏறி இறங்கினால் அதன் அருமை தெரியும்.

அடக்க முடியாமல் வெடிக்கும் சிரிப்பும், நாமாகவே எழுப்பும் சிரிப்பும் வேறு வேறு என்பது உண்மைதான். லண்டனில் சிரிப்பை ஆராயும் சோஃபி ஸ்காட் என்ற நரம்பியல் அறிஞர், இவ்விரண்டையும் கேட்கும்போது மூளை வெவ்வேறு விதமாக இயங்குகிறது என்று காட்டியிருக்கிறார். நம் காதுக்கும் அந்த வேறுபாடு பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது. தெரிந்திருந்தும் அந்த இரண்டாவது சிரிப்பை நாம் மதித்து ஏற்றுக்கொள்கிறோம். எதிரில் இருப்பவர் நமக்காக ஒரு முயற்சி எடுத்திருக்கிறார் என்பது நமக்குப் புரிகிறது.

நான் ஏற்காத சிரிப்பு ஒன்று உண்டு. மேலதிகாரி சொன்ன சொத்தை நகைச்சுவைக்கு அறை முழுவதும் எழும் சிரிப்பு அது. அங்கே சிரிக்காமல் இருக்கும் உரிமை இல்லை. சிரிக்காதவருடைய முகத்தை யாரோ கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற அச்சம் இருக்கிறது. அப்படிச் சிரிக்க நேர்பவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதைக் கேட்டு வாங்கிக்கொள்பவர்தான் யோசிக்க வேண்டும்.

சிரிப்பு சிரிப்பை அழைக்கும் என்பதை வானொலிக்காரர்களும் தொலைக்காட்சிக்காரர்களும் வெகு காலத்துக்கு முன்பே கண்டுகொண்டார்கள். அமெரிக்க வானொலி நாடகங்களில் பார்வையாளர்களை அரங்கத்தில் உட்காரவைத்து, அவர்கள் சிரிப்பதையும் சேர்த்தே ஒலிபரப்பினார்கள். தொலைக்காட்சி வந்த பின் 1950களில் சார்ல்ஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் ஓர் இயந்திரம் செய்தார். பதிவு செய்த சிரிப்புகள் அதில் ஒலிநாடாக்களில் இருக்கும். விசைகளை அழுத்தினால் தேவையான இடத்தில் தேவையான அளவு சிரிப்பு வரும். புன்முறுவல் போன்ற மெல்லிய சிரிப்பு, ஒரு பெண்ணின் குலுங்கல், மொத்தக் கூட்டத்தின் ஆரவாரம் என்று வகைவகையாக. அந்தப் பெட்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பிறர் பார்க்காமல் அவர் பூட்டியே வைத்திருந்தார். பல ஆண்டுகள் அமெரிக்கத் தொடர்கள் பலவற்றில் ஒலித்த சிரிப்பு அந்த ஒரு பெட்டியிலிருந்து வந்ததுதான்.

போர்க்கள மருத்துவமனையைக் களமாகக் கொண்ட ஒரு தொடர் 1970களில் வந்தபோது, அதை உருவாக்கியவர்கள் இந்தப் பதிவுச் சிரிப்பு வேண்டாம் என்றார்கள். நிறுவனம் விடவில்லை. கடைசியில், அறுவை சிகிச்சைக் காட்சிகளில் மட்டும் சிரிப்பொலி இருக்காது என்று உடன்பாடு ஆயிற்று. அந்தப் படைப்பாளிகளின் பிடிவாதத்தை நான் மிகவும் மதிக்கிறேன். இவ்விடத்தில் யாரும் சிரிக்கக் கூடாது என்று சொல்வதற்கும் ஒருவர் வேண்டியிருக்கிறது.

அன்றாட வாழ்விலும் அப்படி ஒருவர் தேவைப்படும் தருணங்கள் வருகின்றன. எள்ளலைத் தொல்காப்பியர் முதலில் வைத்தது காரணம் இல்லாமல் இருக்காது. ஒரு குழுவில் ஒருவரின் உச்சரிப்பையோ உடலையோ உடையையோ பற்றி யாரோ ஒன்று சொல்கிறார். சொல்லிவிட்டு அவர் உடனே செய்வது என்ன? மற்றவர்களின் முகத்தைப் பார்க்கிறார். அந்த ஒரு நொடியில் அவருக்குக் கிடைக்கும் சிரிப்புதான் அடுத்த முறையும் அவரைப் பேசவைக்கிறது. கேலிக்கு ஆளானவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். சிரிக்காவிட்டால் "விளையாட்டுக்குச் சொன்னதைக்கூடத் தாங்க மாட்டாயா?" என்ற இரண்டாவது அடி விழும் என்று அவருக்குத் தெரியும். பள்ளி வகுப்பறைகளில் இது எவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. சொன்னவரை எதிர்த்துச் சண்டை போட எல்லோராலும் முடியாது. ஆனால் சிரிக்காமல் இருக்க முடியும். கேலி செய்பவருக்கு அந்த மௌனம் நன்றாகவே புரியும்.

கூட்டமாகச் சிரித்தாலே மகிழ்ச்சி என்று நினைக்கவும் கூடாது. 1962ஆம் ஆண்டு ஜனவரியில், இன்றைய தான்சானியாவில் உள்ள கஷாஷா என்ற ஊரின் பெண்கள் விடுதிப் பள்ளியில் மூன்று மாணவிகள் சிரிக்கத் தொடங்கினார்கள். அது பரவி, பள்ளியில் இருந்த 159 பேரில் 95 பேரைப் பிடித்துக்கொண்டது. மார்ச் மாதத்தில் பள்ளியையே மூட வேண்டியதாயிற்று. சிரிப்போடு அழுகையும் அச்சமும் கலந்திருந்தன. கடும் மன அழுத்தத்தின் வெளிப்பாடு அது என்றே பின்னாளில் ஆராய்ந்தவர்கள் கருதினார்கள்.

இப்போது சிரிப்பை எழுதியே அனுப்பிவிடுகிறோம். கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகத்தை 2015இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியினர் அந்த ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தார்கள். அதை அனுப்பும்போது நம் முகத்தில் ஒரு தசைகூட அசைந்திருக்காது. இருந்தாலும் அதை நான் பழிக்கமாட்டேன். படிக்கட்டுச் சிரிப்பு செய்யும் வேலையை அதுவும் தன்னால் இயன்ற அளவு செய்கிறது. என் கவலை வேறு.

பேச்சுத் துணையோடு இருக்கும்போது நாம் சிரிப்பது, தனித்து இருக்கும்போது சிரிப்பதைப்போல முப்பது மடங்கு என்று புரொவைன் கண்டார். வீட்டில் தனியே இருக்கும் முதியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். தொலைக்காட்சி நாள் முழுவதும் ஓடுகிறது. நகைச்சுவைக் காட்சிகளுக்கு அங்கே குறைவில்லை. பிள்ளைகள் வேடிக்கையான காணொளிகளையும் கைபேசிக்கு அனுப்பிவைக்கிறார்கள். சிரிக்கவைக்க இத்தனை ஏற்பாடுகள் இருந்தும் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் அரிதாகவே கேட்கிறது. ஏன் என்று இப்போது நமக்குத் தெரியும். சிரிப்பு பேசுபவருடைய வாயிலிருந்துதான் கூடுதலாக வருகிறது. அவருக்கோ பேச ஆள் இல்லை.

அதனால் அவரைத் தொலைபேசியில் அழைக்கும்போது, நாம் வேடிக்கையாக ஏதாவது சொல்லி அவரைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று திணற வேண்டாம். அவரைப் பேசவிடலாம். பலமுறை சொன்ன பழைய கதையையே மறுபடியும் தொடங்குவார். இளம் வயதில் தாம் பேருந்தை மாற்றி ஏறியது, தம்பியிடம் ஏமாந்தது என்று ஏதோ ஒன்று. முடிவு நமக்குத் தெரிந்ததுதான். "இதை முன்பே சொல்லிவிட்டீர்கள்" என்று மட்டும் இடைமறிக்காதீர்கள். சிரிப்பு வரும் இடம் அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த இடத்துக்கு வருவதற்குள் அவரே சிரிக்கத் தொடங்கிவிடுவார்.

நன்றி, வணக்கம்.