பாம்பில் இருக்கும் இரண்டு ப

(காரைக்குடியில் மொழியாசிரியர்கள் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

சீன மொழி என்றால் இந்த ஊருக்கு ரொம்பத் தூரத்துச் சங்கதி இல்லை. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன நம் ஐயாக்கள் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கிட்டங்கி என்ற தொழிற்கூடத்தில் உட்கார்ந்து கடன் கொடுத்தார்களே, வாங்கியவர்களில் சீன வியாபாரிகளும் உண்டு. இன்று பேரப்பிள்ளைகள் சீனம் படிக்க வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியருக்கு என்ன பயிற்சி வேண்டும்? அதைத்தான் பேச வந்தேன்.

எனக்குக் கிடைத்த பயிற்சி முழுக்க ஆங்கிலம் பேசும் மாணவர்களை மனத்தில் வைத்துச் செய்தது. வகுப்பில் அது உதவவில்லை. சீனத்தில் ‘பா’ என்று குரலை மேலிருந்து இறக்கிச் சொன்னால் அப்பா. அதே இறக்கத்தில், உதட்டிலிருந்து காற்றை வேகமாகத் தள்ளிச் சொன்னால் பயம். அந்தக் காற்று ஒன்றுதான் வித்தியாசம். என் பிள்ளைகளுக்கு இரண்டுமே வரவில்லை. மாதக்கணக்கில் திருத்தினேன்.

ஒரு நாள் தமிழாசிரியை ஒருவர் கடைசிப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அவருக்குச் சீனம் ஒரு சொல்கூடத் தெரியாது. பாடம் முடிந்ததும் கேட்டார்: “சார், பாம்புங்கிற சொல்லுல முதல் ப-வும் ரெண்டாவது ப-வும் ஒண்ணாவா ஒலிக்குது?”

அங்கேதான் எனக்குப் புரிந்தது. சீனச் சொற்களின் ஒலிப்பை எழுதிக்காட்ட 1958-இல் சீன அரசு ஏற்றுக்கொண்ட பின்யின் என்ற முறை ரோமன் எழுத்தில் இருக்கிறது. பிள்ளைகள் அப்பாவுக்கான b என்ற எழுத்தைப் பார்த்ததும், ஆங்கில வழக்கப்படி பாம்பின் இரண்டாவது ப-வைச் சொல்லிவிடுகிறார்கள். வேண்டியதோ முதல் ப. அது பிறந்ததிலிருந்தே அவர்கள் வாயில் இருக்கிறது! மறுநாள் எழுத்தை மறைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தேன். வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு ‘பாம்பு’ சொன்னால் காகிதம் ஆடாது. அதே தொடக்கம்தான் அப்பா. பயத்துக்குக் காகிதம் துள்ள வேண்டும். அரை மணியில் வகுப்பே பிடித்துக்கொண்டது.

அப்புறம் தேடத் தேட இன்னும் கிடைத்தது. நாக்கை மடிக்கும் சீன ஒலிகள் வேறு பலருக்குப் பெரும்பாடு. ழ சொல்லிப் பழகிய பிள்ளைக்கு நாக்கு போகவேண்டிய திசை தெரியும். ‘வர்றியா’ என்று நாம் கடைசியில் ஆ சேர்ப்பதுபோல அவர்கள் கடைசியில் ‘மா’ சேர்த்துக் கேள்வி ஆக்குகிறார்கள். அண்ணன், தம்பி, ஆச்சி (அக்கா), தங்கச்சி நால்வருக்கும் அங்கேயும் தனித்தனிச் சொல். இவற்றை எந்தப் பயிற்சியிலும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

சீனப் பள்ளிகளில் ஒரே பாடம் நடத்தும் ஆசிரியர்கள் குழுவாக உட்கார்ந்து பாடத்தைத் தயாரிப்பார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் பின்னால் இருந்து பார்ப்பார்கள், பிறகு பேசுவார்கள். நம் பக்கம் சீன ஆசிரியர் ஊருக்கு ஒருவர் கிடைத்தாலே பெரிது, குழுவுக்கு எங்கே போவது? சரி, நாம் எல்லோரும் மொழி ஆசிரியர்கள்தானே. தமிழோ ஆங்கிலமோ இந்தியோ, நீங்கள் வாருங்கள்.

வருகிற சனிக்கிழமை உறவுமுறைப் பாடம். கடைசிப் பெஞ்சு காலியாக இருக்கும். பிள்ளைகள் எங்கே தடுமாறினார்கள் என்று மட்டும் சொல்லுங்கள், எழுதிக்கொள்ள நோட்டோடு காத்திருக்கிறேன்.