வேகம் முதலில், கனம் அடுத்து, தூரம் கடைசியில்

நேயர்களுக்கு வணக்கம்.

டர்பன் கடற்கரை நடைபாதையில் பொழுது புலரும் முன்பே ஓட்டக்காரர்கள் கூடிவிடுகிறார்கள். 1921-இல் தொடங்கிய காம்ரேட்ஸ் ஓட்டம், டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறக்குறைய 88 கிலோமீட்டர், தென்னாப்பிரிக்காவில் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் நெடுந்தூர ஓட்டத்துக்குத் தனி மதிப்பைத் தேடித் தந்திருக்கிறது. இன்னொரு பக்கம் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதி ஜிம்களில் நெஞ்சும் புஜமும் ஏற்ற உழைக்கும் இளைஞர்கள். ஓடுகிறவர்களில் பலர் பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தூக்கி மேல் அலமாரியில் வைக்கத் திணறுகிறார்கள். புஜம் ஏற்றியவர்களில் பலருக்கு மூன்று மாடி ஏறினால் பேச்சு வருவதில்லை. இரு தரப்பிலும் உழைப்புக்குக் குறைவில்லை. அந்த உழைப்பெல்லாம் ஒரே திறனில் போய்க் குவிகிறது.

முழுத் தகுதி என்பது ஐந்து திறன்களின் கூட்டு. பாரம் தூக்கும் வலிமை, அந்த வலிமையைச் சட்டென்று வெளிக்காட்டும் விசை, நீண்ட நேரம் தாங்கும் மூச்சு, மூட்டுகளின் முழு அசைவு, ஒற்றைக் காலில் தடுமாறாமல் நிற்கும் நிலை. ஐந்தையும் ஒரே உடம்பில் வளர்க்கலாம். வரிசை மட்டும் தவறக் கூடாது. வேகமான வேலை முதலில், கனமான வேலை அடுத்து, நீளமான வேலை கடைசியில். களைத்த தசையால் வேகமாகச் சுருங்க முடியாது. அரை மணி நேரம் ஓடிவிட்டுத் தாண்டிப் பழகினால், உடம்பு மெதுவாகத் தாண்டுவதற்கும் முழங்கால் உள்பக்கம் சரிய இறங்குவதற்கும்தான் பழகும்.

வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மணி நேரம் உடலுக்கு. செவ்வாயும் சனியும் மூச்சுக்கு. மற்ற இரண்டு நாள் ஓய்வு, அல்லது குடும்பத்தோடு ஒரு நடை.

உடல் பயிற்சி நாளில் முதல் எட்டு நிமிடம் உடம்பைச் சூடேற்றுங்கள். விறுவிறுவென்று நடந்து, இடுப்பையும் தோளையும் சுற்றி, குதிகால் தரையைவிட்டு எழாமல் ஆழமாகக் குந்தி எழுங்கள். குதிகால் எழுந்தால் பெரும்பாலும் கணுக்கால் இறுகியிருக்கிறது. சுவருக்கு முன் ஒரு காலை முன்வைத்து, குதிகாலை அழுத்தியபடி முழங்காலால் சுவரைத் தொடும் அசைவைக் காலுக்குப் பத்துத் தடவை நாள்தோறும் செய்தால், சில வாரங்களில் இளகிவிடும்.

அடுத்த பத்து நிமிடம் விசைக்கு. நம் பகுதிகளில் மேட்டுத் தெருவுக்குப் பஞ்சமில்லை. அதுவே நல்ல கருவி. எட்டு நொடி மேட்டை நோக்கிப் பாய்ந்து ஓடுங்கள். நடந்து இறங்கி, இரண்டு நிமிடம் முழுதாக ஓய்வெடுங்கள். முதல் வாரம் நான்கு தடவை, பிறகு வாரத்துக்கு ஒன்று கூட்டி எட்டு வரை போகலாம், அப்போது பத்து நிமிடத்துக்குச் சற்று மேலே ஆகும். வாரத்தில் ஒரு நாள் போதும். மற்ற இரு நாளில் தாழ்வான படிமேல் தாண்டி ஏறுவதை ஐந்து ஐந்தாக மூன்று சுற்று செய்யுங்கள், இறங்கும்போது நடந்து இறங்குங்கள். மேட்டில் ஓடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சமதரையில் முழு வேகத்தில் ஓடும்போது, கால் முன்னே வீசப்படும் கடைசி நொடியில் பின்தொடைத் தசை நீண்டபடியே பாரத்தைத் தாங்குகிறது, அங்கேதான் கிழிகிறது. மேட்டில் அடி குறுகுகிறது, வேகமும் தானே மட்டுப்படுகிறது, ஆனால் உந்தும் உழைப்பு குறைவதில்லை. அந்த இரண்டு நிமிட ஓய்வைப் பலர் வீண் என்று நினைத்து அரை நிமிடமாகச் சுருக்கிவிடுகிறார்கள். தசையில் உடனடி ஆற்றலாக இருக்கும் சேமிப்பு திரும்ப நிரம்ப அவ்வளவு நேரம் தேவை. அதைக் குறைத்தால் அது வெறும் மூச்சுப் பயிற்சியாக மாறிவிடும்.

இனி வலிமை, முப்பத்தைந்து நிமிடம். குந்தி எழுதல், இடுப்பை மடித்துத் தூக்குதல், தள்ளுதல், இழுத்தல், சுமந்து நடத்தல் என்று ஐந்து அசைவுகள் போதும். முதல் நான்கையும் ஆறு முதல் எட்டு தடவை வீதம் மூன்று சுற்று செய்யுங்கள். எடையைத் தேர்வதற்கு ஒரே விதி: சுற்று முடியும்போது இன்னும் இரண்டு தடவை ஒழுங்காகச் செய்ய முடியும் என்ற நிலையில் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு சுற்றையும் முடியாத எல்லைவரை இழுத்தால், புதன்கிழமை வரும்போது உடம்பு இன்னும் தேறியிருக்காது.

இவற்றில் அதிகம் கெடுவது இடுப்பை மடித்துத் தூக்குவதுதான், அதனால் அதில் சற்று நின்று சொல்கிறேன். ஒரு துடைப்பக் கட்டையை முதுகோடு சேர்த்துச் செங்குத்தாகப் பிடியுங்கள். அது தலையின் பின்புறம், தோள்பட்டைகளின் நடு, முதுகெலும்பின் அடிநுனி ஆகிய மூன்று இடத்திலும் பட வேண்டும். முழங்காலை லேசாக மடக்கி, பின்னால் இருக்கும் கார் கதவை இடுப்பால் சாத்துவதுபோல இடுப்பைப் பின்னுக்குத் தள்ளுங்கள். உடல் முன்சாயும், பின்தொடை இழுபடும். கட்டை மூன்றில் ஓரிடத்தில் விலகினாலும் அந்த ஆழத்தோடு நிறுத்துங்கள். பெரும்பாலும் முதலில் விலகுவது அடிநுனியில்தான், அதாவது கீழ்முதுகு வளைந்துவிட்டது. பின்தொடை இறுகி இடுப்பு மேலும் மடங்க மறுக்கும்போது, மிச்ச தூரத்தை முதுகு ஈடுகட்டுகிறது. பாரத்தோடு அப்படி வளைந்தால் இடுப்புப் பகுதி வட்டுகள் மேல் சுமை கூடும். இரண்டு வாரம் கட்டையோடு மட்டும் பழகி, பிறகு ஐந்து லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டைக் கையில் எடுங்கள். அது பத்துக் கிலோ. அதன்பின் கைப்பிடி வைத்த இரும்புக் குண்டான கெட்டில்பெல்லோ, நீளக் கம்பியில் எடை மாட்டிய பார்பெல்லோ எதுவானாலும் சரி, பாரம் உடம்பை ஒட்டியே ஏறி இறங்கட்டும்.

தள்ளுவதற்குத் தண்டால் போதும். தரையில் முடியாதவர்கள் முழங்காலை ஊன்றுவதைவிடச் சமையல் மேடையில் கை ஊன்றிச் செய்வது நல்லது. முழு உடம்பும் நேராக இருக்கப் பழகும். இழுப்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வீட்டில் அதற்கான கருவியில்லை என்பது ஒரு காரணம், முதுகு கண்ணாடியில் தெரிவதில்லை என்பது இன்னொன்று. பூங்காவில் கம்பி இருந்தால் தொங்குவதில் தொடங்குங்கள், பத்து நொடி, இருபது, முப்பது என்று. தண்டால் எத்தனையோ அதற்குக் குறையாமல் இழுப்பும் இருக்கட்டும், இல்லாவிட்டால் தோள் முன்னால் குவியும். குந்தி எழுவதில் மூன்றில் ஒரு சுற்றை ஒற்றைக் காலால் செய்யுங்கள், பின்காலை நாற்காலியில் வைத்தபடி. சமநிலைக்கென்று தனி நேரம் ஒதுக்கத் தேவையிராது.

கடைசியாகச் சுமை நடை: இரு கையிலும் பாரம் பிடித்து, நிமிர்ந்து, 40 மீட்டர், நான்கு முறை. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்கள் இதை எட்டு வாரம் முன்பே தொடங்குவது நலம். வாரம் ஒரு நாள் பையில் ஐந்து கிலோ போட்டுத் தோளில் ஏற்றி இருபது நிமிடம் நடந்து, படிப்படியாகக் காவடியின் எடைக்கு வாருங்கள். விரத நாட்களில் சுற்றுகளைப் பாதியாக்குங்கள், எடையைக் குறைக்க வேண்டாம். பெற்ற வலிமை தங்குவது எடையால்தான்.

மூச்சுப் பயிற்சிக்கு வருவோம். செவ்வாய்க்கிழமை கடினம்: நான்கு நிமிடம், ஓரிரு சொல்லுக்கு மேல் பேச முடியாத வேகத்தில். பிறகு மூன்று நிமிடம் மெதுவாக. இப்படி நான்கு சுற்று. புதியவர்கள் இரண்டில் தொடங்கலாம். சனிக்கிழமை நிதானம்: நாற்பது நிமிடம் முதல் ஒரு மணி வரை, பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடியும் வேகத்தில். சனிக்கிழமை காலையில் எல்லோரும் கூடி ஓடும் நார்த் பீச் பார்க்ரன் ஐந்து கிலோமீட்டர்தான், கட்டணமும் கிடையாது. அதையே நிதான ஓட்டமாக வைத்துக்கொள்ளலாம். நடப்பதானாலும் தாழ்வில்லை. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். நிதான நாளில் கூட்டத்தைப் பார்த்து வேகம் கூட்டுகிறார்கள், அந்தக் களைப்பில் கடின நாளில் வேகம் வருவதில்லை. எல்லா நாளும் நடுத்தர வேகத்திலேயே கழிந்து, மாதக்கணக்கில் முன்னேற்றமே இல்லை என்று சோர்ந்துபோகிறார்கள்.

ஜனவரி, பிப்ரவரிப் புழுக்கத்தில் வியர்வை வழிகிறதே தவிர ஆவியாவதில்லை. உடம்பு குளிர வழியில்லை. அந்த மாதங்களில் கடிகாரத்தைப் பார்க்காமல் மூச்சை வைத்து வேகத்தை முடிவுசெய்யுங்கள். வெப்பத்துக்கு உடம்பு பழகப் பத்திலிருந்து பதினான்கு நாள் ஆகும். தலை சுற்றினாலோ, குளிரெடுத்தாலோ, வாய் குழறினாலோ உடனே நிறுத்தி நிழலுக்குப் போய்த் தண்ணீரை மேலே ஊற்றுங்கள்.

தூக்கும் எடையைக் கூட்டுவதானால் ஒவ்வொரு முறை கூட்டும்போதும் இரண்டரைக் கிலோ போதும். மூச்சும் தசையும் சில வாரங்களில் முன்னேறிவிடும், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண் மாதக்கணக்கில்தான் உறுதிப்படும். குதிகால் நாணும் முழங்காலின் கீழ்ப்புற நாணும் ஆறாம் ஏழாம் வாரத்தில் வலி காட்டுவது அதனால்தான். ஒவ்வொரு நான்காம் வாரமும் சுற்றுகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுங்கள். தசை முழுதும் பரவலாக வலித்தால் சில நாளில் போய்விடும். விரல் வைத்துக் காட்டும்படி ஓரிடத்தில் வலித்தாலோ, காலையில் எழுந்த முதல் அடியில் குத்தினாலோ, அந்த அசைவை நிறுத்திப் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். தசை வளர உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 1.6 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும். 70 கிலோ எடையுள்ளவருக்கு 110 கிராம் போல. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். நம் வீடுகளில் ரொட்டியும் சோறும் உருளைக்கிழங்கும் தட்டை நிரப்பிவிடுகின்றன, பருப்பு ஒரு கரண்டியோடு நின்றுவிடுகிறது. கெட்டியான பருப்பு ஒரு கோப்பை சுமார் 18 கிராம், ஒரு முட்டை 6 கிராம் புரதம் தரும். டின் மீன், கோழி, தயிர் எல்லாம் சேரட்டும். மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுங்கள்.

நம் சமூகத்தில் நீரிழிவு மிகுதி என்பது எல்லோரும் அறிந்தது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்தப் பயிற்சி, வலிமைப் பகுதி உட்பட, மிகவும் வேண்டியது. உழைக்கும் தசை இரத்தச் சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். தொடங்குமுன் அளந்து பாருங்கள். சர்க்கரை 5 mmol/L-க்குக் (90 mg/dL) கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுக் காத்திருந்து, மறுபடி அளந்த பிறகே இறங்குங்கள். பயிற்சி முடிந்து பல மணி நேரம் கழித்தும், இரவிலும்கூட, சர்க்கரை இறங்கலாம். பையில் குளுக்கோஸ் மாத்திரை வைத்திருங்கள், கூட ஓடுபவரிடம் அது எந்தப் பையில் இருக்கிறது என்று முன்பே சொல்லி வையுங்கள்.

நன்றி, வணக்கம்.