வரைபடத்தில் இல்லாத ரைன் பள்ளத்தாக்கு

(திரையில்: ஓவியம் முழுதாக)

வணக்கம். ஜெர்மன் ஓவியர் கிறிஸ்டியான் கேயோர்க் ஷூட்ஸ், 1718-இல் மைன் ஆற்றங்கரையில் ஃப்ளோர்ஸ்ஹைம் என்ற ஊரில் பிறந்தவர். ஃபிராங்க்ஃபர்ட்டில் வாழ்ந்து, 1791-இல் அங்கேயே மறைந்தார். ரைன் ஆற்றை வரைந்தே பெயர் வாங்கியவர்.

அவருடைய ரைன் காட்சிகள் பலவற்றில் நாம் ஒரு மேட்டில் நிற்கிறோம். கீழே ஆறு வளைந்து போகிறது. இருபுறமும் குன்றுகள், ஒரு குன்றின் மேல் கோட்டை, அடிவாரத்தில் கூர்கோபுரத்தோடு தேவாலயம். சரி, இது எந்த ஊர்? தேடினால் கிடைக்காது. ஆற்றோரமாகப் பயணம் செய்து, கண்டதையெல்லாம் மனம்போல் கூட்டிச் சேர்த்து அமைத்த பள்ளத்தாக்குகள் இவை. அவருக்கு முன்பே, 17-ஆம் நூற்றாண்டில், நெதர்லாந்து ஓவியர் ஹெர்மன் சாஃப்ட்லெவன் போட்டுத் தந்த வழி இது.

கற்பனைதானே என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு துண்டையும் தனியாகப் பாருங்கள், அது நிஜத்திலிருந்து வந்தது.

(திரையில்: கோட்டை, பிறகு படகுகள்)

1689-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் படைகள் ரைன் பகுதியில் பல கோட்டைகளைத் தகர்த்தன. அந்த இடிபாடுகளை ஷூட்ஸின் தலைமுறை நேரில் பார்த்தே வளர்ந்தது. நீராவிக் கப்பல் வராத காலம். நீரோட்டத்தை எதிர்த்துப் போகும் படகுகளைக் கரையில் குதிரைகள் கயிறு கட்டி இழுத்தன.

(திரையில்: தொலைவு மலைகள்)

அப்புறம் நிறம். முன்னால் பழுப்பு, நடுவில் பச்சை, கடைசியில் நீலம். தொலைவு கூடக்கூட நமக்கும் மலைக்கும் இடையே காற்று அதிகமாகிறது. காற்று நீல ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கும். அதனால் தூரத்து மலை நீலம் பூசிக்கொள்கிறது, அதன் விளிம்பும் மங்குகிறது. சின்னப் பலகையில் பல மைல் ஆழம் தெரிவது இந்த ஒரு வித்தையால்தான். ஷூட்ஸிடம் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுவே.

(திரையில்: கதே பிறந்த வீடு)

இந்த ஓவியங்களை விரும்பி வாங்கியவர்களில் கவிஞர் கதேயின் அப்பாவும் ஒருவர். 1759-இல், ஏழாண்டுப் போரின்போது, பிரெஞ்சுப் படை ஃபிராங்க்ஃபர்ட்டுக்குள் புகுந்தது. தோராங்க் பிரபு என்ற அதிகாரி கதே வீட்டிலேயே தங்கினார். சுவரில் இருந்த ஓவியங்களைப் பார்த்துச் சொக்கிப்போய், ஷூட்ஸ் உட்பட உள்ளூர் ஓவியர்களை வரவழைத்து வேலை கொடுத்தார். மாடியில் சிறுவன் கதேயின் அறையே ஓவியக்கூடமாக மாறியது. ஒன்பது வயதுப் பையன் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்தான்.

வரைந்து முடித்த ஓவியங்கள் தென் பிரான்ஸில் கிராஸ் என்ற ஊருக்கு, பிரபுவின் குடும்ப வீட்டுச் சுவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன.