கால்டுவெல் சிலைக்குக் கீழே நின்று கொஞ்சம் பேசலாமா?

வணக்கம் மக்களே! காற்று ரொம்ப அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், மெரினாவில் வேறு வழியில்லை. எனக்குப் பின்னால் தெரிகிறதே, அதுதான் பிஷப் ராபர்ட் கால்டுவெல் சிலை, 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்தது. இந்த வழியாகப் போகிற பாதிப் பேருக்கு அவர் யாரென்றே தெரியாது. தெரிந்த மீதிப் பேர் ஒன்று தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள், இல்லை திட்டுவார்கள். எனக்கு ரெண்டும் ஒத்துவரவில்லை, அதனால்தான் இந்த வீடியோ.

அயர்லாந்தில் 1814-இல் பிறந்தவர், கிளாஸ்கோவில் படித்துவிட்டு 1838-இல் கிறிஸ்தவ மிஷனரியாக இதே மெட்ராஸில் வந்து இறங்கினார். இங்கே தமிழ் படித்தார், அப்புறம் ஆங்கிலிக்கன் சபைக்கு மாறி தெற்கே கிளம்பினார், அதுவும் பெரும்பாலும் நடந்தே! போய்ச் சேர்ந்தது திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடி. தேரி என்கிற செம்மணல் மேடு, பனைமரம், வெயில், அவ்வளவுதான் ஊர். அங்கே நேர்த் தெருக்கள் போட்டு, கிணறு வெட்டி, பள்ளிக்கூடம் கட்டி, பல பத்தாண்டுகள் அந்த ஊரையே வீடாக வைத்துக்கொண்டார். அவருடைய மனைவி எலைசா நாகர்கோவில் மிஷனரி வீட்டுப் பெண், பெண்பிள்ளைகளுக்குப் படிப்பும் லேஸ் பின்னலும் சொல்லிக் கொடுத்தவர் (அவருக்கு ஒரு சிலை ஏன் இல்லை என்று நான் கேட்டால் வீடியோ நீண்டுவிடும்). 1856-இல் வந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைப் பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள், தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் சமஸ்கிருதத்திலிருந்து வந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று விரிவாக நிறுவிய புத்தகம். அதைத் தாண்டிப் போகிறேன்.

ஏனென்றால் அதற்கு ஏழு வருடம் முன்னால், 1849-இல், அவர் இன்னொரு புத்தகம் எழுதினார். பனையேறும் மக்களைப் பற்றி, அதாவது இன்றைய நாடார் சமூகத்தைப் பற்றி. இங்கிலாந்தில் இருக்கிறவர்கள் மிஷன் வேலைக்கு ஆதரவு தர வேண்டும் என்பதற்காக எழுதியது. அதில் அந்த மக்களை அறிவு மந்தமானவர்கள் என்கிற மாதிரி எழுதியிருக்கிறார், இலங்கையிலிருந்து வந்தவர்கள் என்றும் சொல்லியிருக்கிறார். யாரோடு உட்கார்ந்து ஜெபம் பண்ணினாரோ அவர்களைப் பற்றித்தான்! எங்கள் தாத்தா வழி அந்தப் பக்கம்தான், சண்டே ஸ்கூலில் கால்டுவெல் ஐயர் (அங்கே பாதிரியாரை ஐயர் என்பார்கள்) கதையை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், இந்தப் புத்தகத்தைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விட்டதில்லை. கல்லூரி நூலகத்தில்தான் தெரிந்தது. கோபம் வந்ததா என்றால், ஆமாம், நன்றாகவே வந்தது.

ஆனால் அந்த மக்கள் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை, எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான். சட்டம்பிள்ளை என்று ஒருவர், மிஷனில் வேலை பார்த்தவர், வெள்ளைக்கார ஐயர்மாரோடு மோதிக்கொண்டு 1857-இல் தனியாக ஒரு இந்து கிறிஸ்தவ சபையையே தொடங்கிவிட்டார், ஐரோப்பியப் பழக்கங்கள் வேண்டாம், ஓய்வுநாள் சனிக்கிழமை என்று. அந்தக் கோபத்தில் இந்தப் புத்தகத்துக்கும் பங்கு உண்டு. பின்னாளில் படித்த நாடார்கள் மனு மேல் மனு எழுதினார்கள், கடைசியில் புத்தகத்தைப் புழக்கத்திலிருந்து எடுக்கவேண்டியதாயிற்று. மனு எழுதத் தெரிந்த அந்தத் தலைமுறையில் பலர் மிஷன் பள்ளிக்கூடங்களில் படித்து வந்தவர்கள். அறிவு மந்தம் என்று எழுதியவர் நடத்தியதும் அதே மாதிரிப் பள்ளிக்கூடங்களைத்தான். இதைச் சொல்லி அவரைக் காப்பாற்றப் பார்க்கவில்லை, எழுதியது எழுதியதுதான். ஆனால் 1877 பஞ்சத்தில் நிவாரணத்துக்கு அலைந்தவரும் இவர்தானே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

1891-இல் கொடைக்கானலில் இறந்தபோது உடலை மலையிலிருந்து இறக்கி இடையன்குடிக்கே கொண்டுவந்து, அவர் கட்டிய கோயிலுக்குள், அதாவது சர்ச்சுக்குள், அடக்கம் பண்ணினார்கள். எலைசாவும் அங்கேதான்.

சரி, கிறிஸ்துமஸ் லீவில் அத்தையோடு அந்தப் பக்கம் போகிறேன். அத்தைக்கு இடையன்குடி கோயில் பார்க்க வேண்டும், எனக்கு சட்டம்பிள்ளை சபை வைத்த பிரகாசபுரமும் பார்க்க வேண்டும், அது நாசரேத் பக்கம். காலையில் ஒன்று சாயங்காலம் ஒன்று என்று முடியுமா? அந்த ஊர்க்காரர்கள் யாராவது இருந்தால் பஸ் எப்படி என்று சொல்லுங்கள், அத்தைக்கு முட்டிவலி.